பழைய தேக்கு நாற்காலியைச் சீராக்கி இருக்கை மாற்றுவது: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் வீடு மாற்றுகிறவர்கள் முதலில் கழித்துவிடுவது சாப்பாட்டு மேசை நாற்காலிகளைத்தான். துணி கிழிந்திருக்கும், உட்கார்ந்தால் கொஞ்சம் ஆடும். குறை அவ்வளவுதான். சட்டம் கெட்டித் தேக்காக இருக்கும். நகர மன்றத்து லாரி அதைப் பழைய மெத்தைகளோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த ஆட்டத்தையும் கிழிசலையும் வீட்டில் உட்கார்ந்தே சரிசெய்யலாம்.

துணியைக் கடைசியில் பாருங்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க வலியுறுத்தப் போகிறேன். நிறையப் பேர் அரப் ஸ்ட்ரீட்டுக்குப் போய் அழகான துணியை எடுத்து வந்த பிறகுதான் நாற்காலியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஆடுகிற சட்டத்தின்மேல் எவ்வளவு நல்ல துணி போட்டாலும் அடுத்த தீபாவளிக்குள் அது சுருங்கித் தொய்ந்துவிடும். முதலில் இணைப்பு, பிறகு மரம், பிறகு பூச்சு, கடைசியில் இருக்கை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

முதல் வேலைக்கு சோபா வேண்டாம். இருக்கைப் பலகையைத் தனியாகக் கழற்ற முடிகிற சாப்பாட்டு நாற்காலி போதும். அடியில் நாலு மூலையிலும் ஒவ்வொரு திருகாணி இருக்கும். கழற்றினால் பலகை கையோடு வந்துவிடும். இதில் கற்றுக்கொள்வது பிற்பாடு கைவைத்த நாற்காலிக்கும் உதவும்.

கரோசல் செயலியில் தினமும் புதிது புதிதாக வருகின்றன. சால்வேஷன் ஆர்மியின் பழைய பொருள் கடைகளிலும் கிடைக்கும். ஹோட்டல்கள் கழித்த தளவாடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஹாக் சியோங் போன்ற கடைகள் உண்டு. சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, நடந்து போய்க்கொண்டே பேரம் பேசி வாங்குகிற சுகம் போய்விட்டது. அது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பார்க்கும்போது நாற்காலியைச் சமதரையில் வைத்து, முதுகுப் பகுதியின் இரண்டு மேல்முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். இணைப்பு தளர்ந்திருந்தால் 'கிறீச்' என்று கேட்கும், பிளவு திறந்து மூடுவதும் தெரியும். இதற்குப் பயப்பட வேண்டாம், பசை காய்ந்து விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவே. பயப்பட வேண்டியது மரமே இழையோடு பிளந்திருந்தால்தான். அதிலும் பின்கால், இருக்கைச் சட்டம் சேருமிடத்தில் பிளந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். உடம்பின் பாரமெல்லாம் சாயும்போது அந்த இடத்தில்தான் இறங்குகிறது.

அடுத்தது பூச்சி. அடித்துணியைத் தூக்கி, திருகாணிக் குழிகள், தையல் ஓரங்கள், பலகையின் விளிம்பு எல்லாவற்றையும் கைபேசி விளக்கில் பாருங்கள். மிளகைக் கசக்கித் தூவியதுபோன்ற கருப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. மரத்தில் ஊசித்துளைகளும் அதன் கீழே மாவு போன்ற பொடியும் இருந்தால் வண்டு துளைத்திருக்கிறது. பொடியாக இல்லாமல் ரவை மாதிரி தனித்தனி மணிகளாகக் கொட்டினால் அது உலர்மரக் கறையான். மண்ணோடு தொடர்பில்லாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் வகை அது. உங்கள் வீட்டு அலமாரிக்கும் கதவுச் சட்டத்துக்கும் பரவக்கூடியது. கறையானோ மூட்டைப்பூச்சியோ இருக்கும் நாற்காலியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மூட்டைப்பூச்சி முட்டையோடு சாக மரத்தின் உட்பகுதி வரை கிட்டத்தட்ட 50 பாகை செல்சியஸ் சூடு ஏற வேண்டும். நம் ஊர் வெயிலில், அதுவும் தடித்த பஞ்சுக்குள், அதை நம்ப முடியாது.

சுத்தமாகத் தெரிந்தாலும் பழைய துணியையும் ஃபோமையும் வீட்டுக்குள் அவிழ்த்துப் பரப்பாதீர்கள். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கழற்றிப் போட்டு, வாயைக் கட்டி, நேரே குப்பைக்குக் கொண்டுபோங்கள். பழைய துணியை மட்டும் ஒரு மாதிரிக்காகத் தனிப் பையில் மூடி வைத்துக்கொள்ளலாம்.

வேலை செய்ய இடம்

வீவக வீட்டில் இதுதான் பெரிய கேள்வி. வாசல் நடைபாதை கைக்கு எட்டுகிற இடம் என்றாலும் அதில் கடை விரிக்காதீர்கள். தீயணைப்பு விதிப்படி அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையில்லாமல் இருக்க வேண்டும், எளிதில் தீப்பிடிக்கும் பொருளை வைக்கவும் கூடாது. துணி துவைக்கும் பின்கட்டுப் பகுதியோ, சன்னல் திறந்த அறையோ போதும். தரையில் பழைய படுக்கை விரிப்பை விரித்து, மின்விசிறியைச் சன்னலை நோக்கி வையுங்கள், தூசியும் நெடியும் வெளியே போகும். ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம் கீழ்வீட்டுக்குத் தரை வழியாகவே இறங்கும். பகல் நேரத்தில் முடித்துவிடுங்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

கருவிகளுக்கு ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புச் சாமான் கடைகளே போதும்: திருப்புளி, குறடு, ரப்பர் சுத்தியல், உப்புத்தாள், வெள்ளை மரப்பசை, மரத்தை இறுக்கிப் பிடிக்க இரண்டு நீளமான கிளாம்ப், 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஊசி போடும் கை ஸ்டேப்ளர். தூசிக்கு முகக்கவசம் கட்டாயம். பழைய பெயின்ட் அடித்த சாமான் என்றால் அதில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். முதல் வேலைக்கு பெயின்ட் அடிக்காத மரமாகப் பார்த்து எடுப்பது நல்லது.

இணைப்புகளைச் சரிசெய்வது

நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான்.

தளர்ந்த இணைப்புக்குள் மேலாகப் பசை ஊற்றுவது பயனில்லை. உள்ளே பழைய பசை கண்ணாடிபோல் படிந்திருக்கும், புதுப் பசை அதில் ஒட்டாது. ஆகவே தளர்ந்த இணைப்பை முழுதாகக் கழற்றியாக வேண்டும். முதலில் ஒவ்வொரு துண்டிலும் காகித நாடா ஒட்டி, 'இடது முன்', 'வலது பின்' என்று எழுதுங்கள். நாலு காலும் ஒன்றுபோல் தெரியும், ஆனால் ஒன்றின் துளைக்கு இன்னொன்றின் கழுந்து (துளைக்குள் நுழையும் முனை) பொருந்தாது. பிறகு ரப்பர் சுத்தியலால், இடையில் ஒரு மரத்துண்டு வைத்து, மெதுவாகத் தட்டிப் பிரியுங்கள். வர மறுத்தால் மறைந்த ஆணி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். முன்பு யாரோ அவசரத்துக்கு அடித்திருப்பார்கள். அதை எடுக்காமல் இழுத்தால் மரம் கிழியும். உறுதியாக இருக்கிற இணைப்பை மட்டும் தொடாதீர்கள்.

பிரித்த பிறகு பழைய பசையைச் சுரண்டுங்கள். மிகப் பழைய நாற்காலிகளில் இருப்பது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரப் பசை. வெந்நீரில் நனைத்த துணியை வைத்தால் அது இளகிவிடும். பிந்தைய காலத்து வெள்ளைப் பசையைச் சூடான வினிகரால் ஊறவைத்து, மழுங்கிய உளியால் எடுக்கலாம். மரத்தைச் சுரண்டாதீர்கள். கழுந்து மெலிந்தால் இணைப்பு மறுபடியும் ஆடும். ஏற்கெனவே மெலிந்திருந்தால் மெல்லிய மரச்சீவலைப் பசைபோட்டு அதன் பக்கவாட்டில் ஒட்டி, காய்ந்தபின் பொருத்தத்துக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. மழையிலும் வெயிலிலும் அது தாங்குவதற்கு அந்த எண்ணெயும் ஒரு காரணம், பசை ஒட்டாததற்கும் அதுவே காரணம். ஒட்டுவதற்குச் சற்று முன் இரண்டு பக்கத்தையும் அசெட்டோன் தொட்ட துணியால் துடைத்து, ஆவியானதும் பசை போடுங்கள். முதல் நாளே துடைத்து வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

பசை போடும் முன் ஒருமுறை பசையில்லாமல் எல்லாவற்றையும் பூட்டிப் பாருங்கள். பிறகு துளையின் உட்சுவரிலும் கழுந்திலும் மெல்லிசாகப் பூசிப் பூட்டி, கிளாம்பால் இறுக்குங்கள். கிளாம்ப் இல்லையென்றால் கால்களைச் சுற்றி இரட்டைக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாலும் இறுகும். பசை ஈரமாக இருக்கும்போதே இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். இருக்கைச் சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தால் ஒரே அளவு வரவேண்டும். நாற்காலியைத் தரையில் வைத்தால் நாலு காலும் படியவேண்டும். வராவிட்டால் கிளாம்பைச் சற்றுத் தளர்த்தித் திருகுங்கள், காய்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பூச்சு ஏறாமல் வெளுத்த தழும்பு நிற்கும்.

பசை டப்பாவில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் 24 மணி நேரம் கிளாம்பைக் கழற்றாதீர்கள். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 82 விழுக்காடு. விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். தண்ணீர் கலந்த எந்தப் பசையும் பூச்சும் இங்கே டப்பாவில் எழுதிய நேரத்துக்குக் காயாது.

இருக்கையின் அடியில் நாலு மூலையிலும் முக்கோணக் கட்டைகள் இருக்கும். சட்டத்தை விறைப்பாக வைத்திருப்பவை அவை. திருகாணித் துளை தேய்ந்து, திருகாணி பிடிப்பில்லாமல் சுற்றினால் பெரிய திருகாணிக்கு ஓடாதீர்கள். சாத்தே குச்சியை ஒடித்து, பசையில் தோய்த்து, துளை நிறையும் வரை திணியுங்கள். காய்ந்ததும் விளிம்போடு வெட்டிவிட்டுப் பழைய திருகாணியையே போட்டால் மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மரம்: கழுவு, சோதி, அதன்பிறகே தேய்

உப்புத்தாளை எடுக்கும் முன் கழுவிப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அதன்பிறகும் பிசுக்கு இருந்தால் மினரல் டர்பன்டைன். பல வருஷத்துச் சமையல் ஆவியும் கைப்பிசுக்கும் கருப்பாக வரும். பாதி நாற்காலிகளுக்கு இதுவே போதும், அடியில் தேன் நிறத்தில் தேக்கு பளிச்சென்று இருக்கும். அப்படியானால் தேய்க்கவே தேவையில்லை. பழைய மரத்தின் மேல்நிறம் பல ஆண்டுகளில் ஊறியது, ஒருமுறை சுரண்டினால் திரும்ப வராது.

பூச்சு உரிந்து திட்டுத்திட்டாக இருந்தால், அது எந்த வகை என்று மறைவான இடத்தில் சோதியுங்கள். மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டுத் தடவினால் பிசுபிசுக்கிறதா, அது ஷெல்லாக் என்கிற அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன், அதைத் தேய்த்தே எடுக்க வேண்டும்.

தேய்க்கும்போது 120-ல் தொடங்கி 180, பிறகு 240 எண் தாள். எப்போதும் இழை ஓடும் திசையில்தான். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் போட்டதும் கருப்புக் கோடாகத் தெரியும். ஓரத்தைப் பார்த்து, மேலே மெல்லிய மர ஏடு ஒட்டியது என்று தெரிந்தால் 240-க்குக் கீழே போகாதீர்கள். அந்த ஏடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

பூச்சு

நம் ஊருக்கு நான் சொல்வது எண்ணெய்ப் பூச்சு: டேனிஷ் ஆயிலோ டங் ஆயிலோ. ஷெல்லாக்கும் லாக்கரும் பார்க்க அழகு, ஆனால் ஈரக்காற்றில் பூசினால் கரைப்பான் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பால்போல் வெளுத்துவிடும். எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. பின்னால் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மட்டும் பூசிக்கொள்ளலாம்.

துணியில் எண்ணெயைத் தொட்டு எல்லா இடத்திலும் தடவுங்கள். 15 நிமிடம் விட்டு, உறிஞ்சாமல் நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசினாக நிற்கும், பிறகு தலையணைப் பஞ்சும் முடியும் ஒட்டும். ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. மூன்று பூச்சு போதும், கைவைக்கும் இடத்துக்கு நாலாவது. டிசம்பர், ஜனவரி அடைமழையில் இதைத் தொடங்க வேண்டாம். பிப்ரவரி பொதுவாக மிக வறண்ட மாதம், அதுதான் தோது.

எண்ணெய்த் துணி ஆபத்தானது. காயும் எண்ணெய்கள் காற்றோடு வினைபுரியும்போது சூடு கிளம்பும். கசக்கிச் சுருட்டிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல், யாரும் கொளுத்தாமலேயே தீப்பிடிக்கும். அதைக் குப்பைக் குழாயில் போட்டால் புளோக் முழுவதுக்கும் ஆபத்து. மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். அல்லது ஒற்றையாகப் பிரித்து, விறைத்துக் காயும் வரை நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிட்டு, பிறகு எறியுங்கள்.

இருக்கை: ஃபோமும் துணியும்

இப்போது துணிக்கடைக்குப் போகலாம். ஜாலான் சுல்தானில் டெக்ஸ்டைல் சென்டர், சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ், அரப் ஸ்ட்ரீட், பிளாசா சிங்கபூராவில் ஸ்பாட்லைட். கடையில் 'இருக்கைக்கு' என்று தெளிவாகச் சொல்லுங்கள். திரைச்சீலைத் துணியும் இருக்கைத் துணியும் தொட்டால் ஒன்றுபோலத்தான் இருக்கும். தேய்மானம் தாங்கும் அளவை மார்ட்டின்டேல் எண்ணால் சொல்வார்கள். தினமும் உட்காரும் நாற்காலிக்கு 20,000-க்கு மேல் பாருங்கள்.

பியூ லெதர் என்று விற்கும் செயற்கைத் தோலை நான் வேண்டாம் என்பேன். அதன் மேல்பூச்சை ஈரப்பதமே மெல்ல மெல்லச் சிதைக்கிறது, சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்து எல்லார் உடையிலும் ஒட்டும். துடைத்தெடுக்க வசதி வேண்டுமானால் நல்ல வினைல் எவ்வளவோ மேல். அம்மாவின் பழைய காஞ்சிபுரம் பட்டைப் போடலாமா என்று நிறையப் பேர் ஆசைப்படுவது எனக்குத் தெரியும். உட்காரும் இடத்தில் போடாதீர்கள். சரிகை இழை ஜீன்ஸ் பொத்தானில் மாட்டி இழுபடும், வியர்வையில் பட்டு நைந்துவிடும். சாய்வுத் திண்டுக்கு உறையாக, உள்ளே காடாத்துணி வைத்துத் தையுங்கள், அங்கே அது நிற்கும்.

அளவு: இருக்கைத் துணி பெரும்பாலும் 140 சென்டிமீட்டர் அகலத்தில் வரும். 50-க்கு 50 இருக்கைக்கு, பக்கவாட்டும் மடிப்பும் சேர்த்து 70-க்கு 70 துண்டு வேண்டும். ஆக, 70 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு இருக்கை, ஆறு நாற்காலிக்கு 2.1 மீட்டர். கோடோ பெரிய பூவோ போட்டதாக இருந்தால் நடுவில் அமைக்கக் கூடுதலாக வாங்குங்கள்.

ஃபோமைத் தடிமனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறைந்தது சில மாதத்திலேயே பள்ளம் விழும். 5 சென்டிமீட்டர் தடிமன் சாப்பாட்டு நாற்காலிக்குப் போதும், அதற்கு மேல் போனால் உட்காருகிறவரின் முழங்கால் மேசையில் இடிக்கும்.

பழைய ஊசிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டு, பலகையைப் பாருங்கள். பிளைவுட் அடுக்கு பிரிந்திருந்தால் 9 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அதே வடிவில் புதிது வெட்டிக்கொள்ளுங்கள். பலகையை வைத்துக் கோடு போட்டு, ஃபோமைச் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக, ரொட்டி வெட்டும் நீளக் கத்தியால் வெட்டுங்கள். அதன்மேல் பாலியஸ்டர் பஞ்சு ஒரு படலம். அது இல்லாவிட்டால் ஃபோமின் முனை துணிக்கு மேலே துருத்திக்கொண்டு தெரியும்.

துணியைக் குப்புற விரித்து, இழை நேராக இருக்கும்படி பலகையைக் கவிழ்த்து வையுங்கள். முன்பக்க நடுவில் ஒரு ஊசி. எதிரே இழுத்துப் பின்பக்க நடுவில் ஒன்று. பிறகு இடது நடு, வலது நடு. திருப்பி மேல்பக்கம் கோணலில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி அடியுங்கள். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் துணி சாயும். மூலைக்கு 5 சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்தி, மூலையின் முனையை நேராக உள்நோக்கி இழுத்து ஒரு ஊசி அடியுங்கள். இருபுறமும் மிஞ்சும் துணியைச் சிறு மடிப்பாக, மடிப்பின் வாய் முன்பக்கம் தெரியாதபடி வைத்து அடியுங்கள். உபரியை வெட்டிவிட்டு, அடியில் மெல்லிய கருப்புத் துணி ஒன்றை அடித்து மூடுங்கள்.

பலகை சட்டத்துக்குள் உட்காரும் வகையென்றால், துணி சுற்றிய பிறகும் சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். புதுத் துணி பழையதைவிடத் தடிமனாக இருந்தால் பலகை உள்ளே போகாது. சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள், நீங்கள் ஒட்டிய இணைப்புகளையே அது பிளந்துவிடும். துணியைக் கழற்றிப் பலகையின் ஓரத்தைச் சீவுங்கள்.

இருக்கை பிரம்புப் பின்னலாக இருந்தால் முறை வேறு. விளிம்பில் பள்ளமும் அதில் அழுத்திய பிரம்புப் பட்டையும் இருந்தால், ஆயத்தப் பின்னல் வாங்கி நீரில் ஊறவைத்து, இளகியதும் பள்ளத்தில் இறக்கி, பசையோடு புதுப் பட்டையை அழுத்தலாம். காயும்போது அது தானே முறுக்கேறும். பள்ளமில்லாமல் துளைத்துளையாக இருந்தால் ஒவ்வொரு இழையும் கையால் பின்னியது, அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஸ்பிரிங் வைத்த சோபாவும் அப்படியே. சுங்கை காடுட் வட்டாரத்தில் தளவாட வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. சட்டத்தை நீங்களே சீராக்கி, இருக்கையை மட்டும் அவர்களிடம் விட்டால் செலவு குறையும்.

முடிந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு அடியிலுள்ள திருகாணிகளை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். கால்களின் அடியில் கம்பளி வட்டு ஒட்டினால் நாற்காலியை இழுக்கும்போது தரை கீறாது. நாலைந்து நாற்காலிகளை ஒரே மாதிரி செய்வதாக இருந்தால் ஒவ்வொன்றாக முடிக்காமல், எல்லாச் சட்டங்களையும் ஒட்டி முடித்து, எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா எண்ணெயைப் பூசுங்கள். துணியையும் ஒரே சுருளிலிருந்து ஒரே நாளில் வெட்டி வாங்கிவிடுங்கள். அடுத்த சுருளில் அதே நிற எண் இருந்தாலும் சாயம் ஒரு நிழல் மாறியிருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.